தரங்கம்பாடியில் இருந்தவள்

என் கணவருக்கு நான் இரண்டாம் தாரம். முதல் மனைவி காய்ச்சலில் இறந்து இரண்டு வருஷம் கழித்து, அவிநாசியிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அவளைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. எனக்கும் அவள்மேல் ஒன்றும் இல்லாமல்தான் இருந்தது, குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பேச்சை எடுக்கும்வரை.

“மூத்தவளக் கல்யாணமான புதுசுல கடல் பாக்கக் கூட்டிட்டுப் போனாருங்க. தரங்கம்பாடியாமா. கோட்டையெல்லாம் இருக்குதாமா. வந்து ஒரு மாசம் அதையேதான் பேசீட்டு இருந்தா.”

நான் கடலைப் பார்த்ததில்லை. என்னை அவர் கூட்டிப் போனது பழனிக்கு. அன்றிலிருந்து அவருக்குச் சோறு போடும்போதெல்லாம் அந்தக் கோட்டை நடுவில் வந்து நின்றது. உயிரோடு இருக்கிறவள் என்றால் அவளிடம் ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்து ஆறிக்கொள்ளலாம். இவளிடம் அதற்கும் வழி இல்லை.

என்னையும் அங்கே கூட்டிப்போகச் சொல்லி ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் முகம் சுருங்கியது.

“கன்னியாகுமரி போலாம் புள்ள. அங்கயும் கடல்தான்.”

“எனக்குத் தரங்கம்பாடிதானுங்க பாக்கோணும்.”

பொங்கலுக்குக் கம்பெனி லீவு விட்டதும் கிளம்பினோம். மாயவரத்தில் சின்ன ரயிலுக்கு மாறி, கருவாட்டு வாசம் முன்னால் வந்து கூப்பிட, ஊருக்குள் இறங்கினோம். வெள்ளை வளைவு வாசலைத் தாண்டினால் ஒரே தெருவில் வெள்ளைக்காரன் காலத்து வீடுகளும் மாதா கோயிலும். அவர் யாரிடமும் வழி கேட்கவில்லை. “இந்த மரத்தடியில காத்து நல்லா வரும், உக்காரு” என்றார். நான் உட்காரவில்லை. ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்த இடம் என்று பட்டது.

தெருக்கோடியில் கடல். அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்தன, பெண்கள் கூடையோடு ஓடினார்கள். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றபோதே, அவளும் இப்படித்தான் நின்றிருப்பாள் என்ற நினைப்பு வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

கோட்டை வாசலில் ஒரு வயசான காவல்காரர். என் கணவரைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

“வாங்க தம்பி, திருப்பூருதானே? பனியன் ஒண்ணு குடுத்துட்டுப் போனீங்களே. அந்தம்மா வரலியா? நல்லாருக்காங்களா?”

என் கணவர் கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்தார்.

“நல்லா இருக்கறாங்க,” என்றார்.

காவல்காரர் என்னைப் பார்த்தார். நான் யார் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கோட்டைக்குள் எதைப் பார்த்தேன் என்று இன்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காதில் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது.

மாலையில் கடலோரச் சிவன் கோயிலுக்குப் போனோம். முன்பக்கத்தை அலை இடித்துக் கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்த கல்லில் உட்கார்ந்துதான் கேட்டேன்.

“ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?”

“திருப்பூருல எல்லாத்துக்கும் அவ செத்தவ. இந்த ஊருல யாருக்கும் தெரியாது. இங்கயாச்சும் இருந்துட்டுப் போகட்டுமுன்னு தோணிப்போச்சு. அதுக்குத்தான் உன்னைய இங்க வேண்டாமுன்னேன்” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. பொறாமை மட்டும் ஒரு துளியும் குறையவில்லை. எழுந்து போய், முட்டி நனையும்வரை தண்ணீரில் நின்றேன். அவர் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அலை வந்து போகும்போதெல்லாம் பிடி இறுகியது.

மறுநாள் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது அந்தக் காவல்காரர் வேகுவேகென்று வந்தார். கையில் வெள்ளையும் பழுப்புமாக ஒரு பெரிய சங்கு.

“அந்தம்மா போன தடவ இது மாதிரி ஒண்ணு கேட்டாங்க தம்பி, அப்ப கிடைக்கல. கொண்டுபோய்க் குடுத்துடுங்க.”

என் கணவரின் கை எழவில்லை. பெரியவர் சங்கை நீட்டியபடியே நின்றார். நான் முந்திக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினேன்.

“நீங்க அவங்க தங்கச்சியா?”

“ஆமாங்க. குடுத்தர்றேனுங்க.”

ரயில் நகர்ந்த பிறகு அவர் கேட்டார். “இங்க குடு புள்ள, நான் வெச்சுக்கறேன்.”

“எங்கிட்டத்தானுங்க குடுத்தாரு,” என்று மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. மாயவரத்தில் இறங்கும்போது, அவள் எப்படி இருப்பாள் என்று முதல்தடவையாகக் கேட்டேன். திருச்சி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.