பெருமுக்கல் மலையும் ஐந்து கிழங்குக் கொடிகளும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பெருமுக்கல் போய்வந்தேன். மலைக்கோயிலைப் பார்க்கத்தான் போனேன் என்றால் அது பாதிப் பொய். அரிசி கிடைக்காத நாட்கள் அவை. மலையடிப் புதர்க்காட்டில் வள்ளிக்கிழங்கு உண்டு என்று கேள்விப்பட்டு, ஒரு கோணிப்பையும் எடுத்துக்கொண்டேன்.

விழுப்புரத்தில் காலை ஆறே காலுக்கு ரயில். திண்டிவனம் இருபத்து மூன்று மைல், ஏழரைக்கு இறங்கினேன். அங்கிருந்து எட்டு மைல், பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடும் கரிவாயு பஸ், மூன்றணா. ஒரு மேட்டில் பஸ் நின்றேவிட்டது. "ஜல்தி போவணும்னா எறங்கித் தள்ளுங்க சாமி" என்றார் டிரைவர். காசும் கொடுத்து, தள்ளவும் தள்ளினேன்.

மலை ஏறி இறங்க இரண்டு மணி நேரம் ஆகும். வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள். தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

கீழே காத்தாயி என்ற இருளர் பெண்ணைப் பார்த்தேன். என் வயதுதான், நாற்பது இருக்கும். கிழங்கு எடுத்துத் தர எட்டணா கேட்டாள், முன்கூட்டியே கொடுத்தேன். காய்ந்த கொடி ஒன்றைப் பிடித்துக்கொண்டே போய், அரை மணி நேரம் தோண்டினாள். கிழங்கின் கீழ்ப்பாதியை அறுத்து என்னிடம் தந்தாள். கொடியோடு ஒட்டிய தலைப்பாகத்தைக் குழியிலேயே விட்டு, மண்ணைத் தள்ளி மிதித்தாள்.

பாதிக் கிழங்கை மண்ணிலேயே விட்டுப்போக எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பும் பஸ் வேறு மூன்றரைக்கு. அவள் அடுத்த கொடிக்குப் போனதும், மூடிய குழியைக் கிளறி மிச்சத்தையும் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தவள் குழியைப் பார்த்தாள். "இன்னா சாமி, தலையையுமா எடுத்துட்டீங்க?" என்று பையிலிருந்து அதை எடுத்து மறுபடி புதைத்தாள். "இத்த வுட்டாத்தான் மழைக்குத் துளுக்கும். அந்தாண்ட டவுன்காரங்க வந்து மொத்தத்தையும் வாரிக்கினு பூட்டாங்க. இந்த அஞ்சு கொடிதான் மிச்சம். அடுத்த தையில என் புள்ளைங்க இதத்தான் தேடிக்கினு வரும்."

வெட்கமாக இருந்தது. "அப்புறம் எனக்கு ஏம்மா காட்டின?" என்றேன்.

"கேப்பை வாங்கணுமே சாமி."

காட்டைவிட்டு வெளியே வரும்போது, வழக்கம்போல நோட்டில் குறித்துக்கொண்டே நடந்தேன்: காட்டோரத்து ஒற்றைப் பனையிலிருந்து கொடிகளுக்கு எத்தனை அடி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

"அதுல இன்னா எழுதிக்கினு வர்றீங்க?"

"வழி. மத்தவங்களும் வந்து பாக்கட்டுமேன்னு."

அவள் நின்றுவிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து எட்டணாவை என்னிடம் நீட்டினாள். "அத்த மட்டும் எழுதாதீங்க சாமி."

காசை வாங்கவில்லை. தாளைக் கிழித்து அவள் கையில் கொடுத்தேன்.

போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ் மூன்றரைக்கு என்பார்கள், நாலேகாலுக்குத்தான் வரும். மலைக்கு வழி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொடிகளுக்கு வழி கேட்டு எனக்குக் கடிதம் போட வேண்டாம். தாளைக் கிழித்தேனே தவிர, அந்த அடிக்கணக்கு இன்னும் மறக்கவில்லை. அடுத்த தையிலும் அரிசிக்கு வரிசையில்தான் நின்றேன். பெருமுக்கல் பக்கம் போகவில்லை.