விசில் வராத குக்கர்

பழைய பொருள் வாங்கும்போது ஒயர், பிளக், சுவிட்ச் எல்லாவற்றையும் சோதித்த பிறகே எடுப்பேன். நான் தொழிற்சாலையில் மின்சாரப் பராமரிப்பு வேலை பார்ப்பவள். சென்ற மாதம் டுரியான் துங்கால் ஊரில் ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் கடையில் பளபளப்பான பிரஷர் குக்கர் ஒன்று கிடைத்தது. அதில் மின்சாரம் இல்லாததால் எதையும் சோதிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் அம்மா அதில் பருப்பு வைத்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது, விசில் வரவில்லை. என்னால் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன்.

“குக்கர்தான சமைக்குது, நீ ஏன் வேகுற? போய் உக்காரு லா,” என்று சிரித்த அம்மா, கரண்டியால் வெயிட்டைத் தூக்கிப் பார்த்தார். ஆவி வரவில்லை.

“பாத்தியா, ஆவியே கட்டல. மூடி சரியா போடல போல,” என்று கைப்பிடியைப் பிடித்தார்.

மூடியில், அழுத்தம் மீறினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண போல்ட் ஒன்று முறுக்கப்பட்டிருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

“கைய எடுங்கம்மா!” என்று கத்தி, அவரைப் பின்னால் இழுத்துவிட்டு கேஸை அணைத்தேன்.

முழுதாக ஆறிய பிறகே திறந்தோம். ஆவி போகும் துளையில் யாரோ வேகவைத்த பழைய பருப்பு காய்ந்து கல்லாக அடைத்திருந்தது. அத்தனை அழுத்தமும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. அம்மா தம் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இப்போது கடையிலேயே குக்கர் மூடியை வெளிச்சத்தில் பிடித்து, துளையில் ஊதிப் பார்க்கிறேன். வால்வையும் ரப்பர் வளையத்தையும் புதிதாகவே வாங்குகிறேன். அந்தப் பழைய மூடியைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. வேறு யார் வீட்டு அடுப்புக்கும் போகாதபடி, இரண்டாக அறுத்த பிறகுதான் குப்பையில் போட்டேன்.