அக்கா படுக்காத மெத்தை

அக்காவின் இந்த நினைவு மலரில் எழுத எனக்குத் தகுதி கிடையாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடிய வீட்டில் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டு, தாகத்தோடு திரும்பி வருகிற ஆள். படித்தவர்கள் பலர் நம் சொந்தத்தில் இருக்கும்போது நான் பேனா பிடித்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்காவின் மகள் பம்பாயிலிருந்து வந்து, "சித்தி, அம்மாவப் பத்தி உங்களுக்குத்தான் முழுசாத் தெரியும். நீங்க எழுதறத ஒரு எழுத்துக்கூட மாத்தாமப் போடறேன்" என்றாள். அந்த வார்த்தையை நம்பி எழுதுகிறேன். அக்கா வாழ்க்கைப்பட்ட சிங்காநல்லூர் வீட்டுக்கும் இந்த மலர் ஒன்று தபாலில் போகும். அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவும்தான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது காங்கேயத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில். மழை பெய்தால் காடு விளையும், பெய்யாவிட்டால் மாடுதான் சோறு போடும் என்கிற குடும்பம். அம்மா சீக்கிரமே தவறிவிட்டதால் எனக்குத் தலை வாரி, சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். பிறகு கல்யாணமாகி சிங்காநல்லூருக்குப் போனார். அப்பா கொடுத்த சீரில் கட்டில் மெத்தை கிடையாது. ஒரு பவானி ஜமக்காளமும் இரண்டு தலையணையும்தான்.

மாமாவுக்குப் பஞ்சாலையில் வேலை. அடிக்கடி நைட் ஷிப்ட் வரும். காலையில் வந்து பகலில் தூங்க வேண்டும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கத்திலேயே மாவு மில். ஒருமுறை மாமா மிஷின் முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டார். மேஸ்திரி பிடித்து இழுத்ததால் கை தப்பியது. அதற்குப் பிறகு அக்கா மற்ற எல்லாவற்றையும் விட மாமாவின் தூக்கத்தைத்தான் பெரிதாக நினைத்தார். ஜன்னலுக்குச் சாக்கை நனைத்துக் கட்டினார். இலவம்பஞ்சு வாங்கித் தானே மெத்தை தைத்தார். கோடையில் அதன்மேல் கோரைப்பாய் விரிப்பார், மழைக்காலத்தில் கம்பளி. பஞ்சு கட்டி தட்டினால் பிரித்து, உதறி, வெயிலில் காயவைத்து மறுபடி அடைப்பார். மாமா படுத்ததும் தூங்கிவிடுவார். கட்டில் ஒற்றைக் கட்டில் என்பதால் அக்கா தரையில் ஜமக்காளத்தில்.

இந்தச் செய்தி சொந்தத்தில் பரவியது. கல்யாணச் சீருக்கு மெத்தை வாங்குகிறவர்கள் எல்லாம் அக்காவைத் துணைக்கு அழைக்க ஆரம்பித்தார்கள். இதைப் படிக்கிற உங்களில் பலர் இன்று படுக்கிற மெத்தை அக்கா பார்த்துக் கொடுத்ததுதான்.

என் மகள் கல்யாணத்துக்கு மெத்தை வாங்க நானும் அக்காவும் கோயமுத்தூர் டவுனில் காதர் பாய் கடைக்குப் போனோம். இலவம்பஞ்சு மெத்தை ஒரு பக்கம், தேங்காய் நாரில் ரப்பர் சேர்த்துச் செய்தது ஒரு பக்கம், அப்போதுதான் பிரபலமாகிக்கொண்டிருந்த ஃபோம் மெத்தை ஒரு பக்கம். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடை நடுவில் ஃபோம் மெத்தைமேல் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏனுங்க அம்மிணி, எந்திரிங்க" என்றார் பாய். "வாரவங்க எல்லாம் இது கடையா ஆஸ்பத்திரியான்னு கேக்கறாங்க."

"புள்ள காலம் பூராப் படுக்கோணும். நான் அரை மணி நேரம் படுக்கக் கூடாதுங்களா? சித்த பேசாம இருங்க பாய். கண்ணு, நீ வந்து இந்தப் பக்கம் படு."

எனக்கு மானமே போயிற்று. வீதியில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். "வேண்டாங்க்கா" என்றேன்.

"வெக்கப்பட்டா மெத்த வாங்க முடியுமா? படு."

படுத்தேன். அக்கா சட்டென்று புரண்டார். நான் உருண்டு அவர் மேலேயே விழுந்தேன். பாய் கல்லாவில் உட்கார்ந்தபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இது வேண்டாமுங்க. ஒருத்தரு திரும்புனா இன்னொருத்தரு முழிச்சுக்குவாங்க. அப்பறம் புருசன் பொண்டாட்டிக்குள்ள தெனமும் சண்டதான்" என்று எழுந்தார் அக்கா. அன்று நார் மெத்தைதான் வாங்கினோம். அது இன்றும் குழி விழாமல் இருக்கிறது.

ஒருக்களித்துப் படுத்துத் தோள் வலித்தால் மெத்தை கடினம், இடுப்பு உள்ளே போய்ப் புரளச் சிரமப்பட்டால் மெது அதிகம் என்பார். தலையணை, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிக்கு இருந்தால் போதும். சீர் வரிசையில் எடுப்பாகத் தெரியும் என்று உப்பலான தலையணை வாங்க விடமாட்டார். விரிப்புக்குச் சென்னிமலைப் பருத்திதான். பளபளப்பான துணி வழுக்கும், வேர்க்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் போடச் சொல்வார். புதுசு புதுசாகவே இருக்கட்டும் என்று நம்மவர்கள் அதை வருஷக்கணக்கில் விட்டுவைப்போம். "அதுக்கு மேல படுத்தா முதுகு வெந்து போயிருமுங்க. மெத்தைக்கு ஒறக்கம் வேணுமா, உங்களுக்கு வேணுமா?" என்று திட்டுவார்.

மில்லை மூடினார்கள். மாமா அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தார். மாமாவுக்கு வர வேண்டிய பணம் வந்தபோது அக்கா முதல்முறையாகத் தனக்கென்று ஒரு மெத்தை வாங்கினார். அடியில் நார், மேலே மெல்லிசாக ஃபோம் வைத்தது. மற்றவர்களுக்குப் பார்ப்பதைவிட அதிக நேரம் படுத்துப் பார்த்தார். "வயசாயிருச்சு கண்ணு, இடுப்பு தரைய ஒத்துக்க மாட்டீங்குது" என்று, ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி என்னிடம் சொன்னார்.

அந்த வீட்டில் மாமாவின் தம்பியும், அவர் சம்சாரமும், மகனும் கூட்டாக இருந்தார்கள். மெத்தை வந்து இறங்கியதும் தம்பி சம்சாரம், "கீழ் ரூமுக்கு வெள்ளையடிக்கோணுமுங்க அக்கா. அதுவரைக்கும் மாடில இருக்கட்டும்" என்று மகன் அறைக்கு ஏற்றிவிட்டார். வெள்ளையடிக்கவே இல்லை. மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெத்தை யாருக்காக மாடியில் இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மழைக்காலத்தில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இனி எழுந்து நடப்பது கஷ்டம், நல்ல மெத்தை போட்டுப் புரட்டிப் புரட்டிப் படுக்க வையுங்கள் என்றார் டாக்டர். "புது மெத்தையே இருக்குதுங்க டாக்டர்" என்று மாமாவின் தம்பி சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கொல்லைப்புற அறையில், பஞ்சு உருண்டு கல்லு கல்லாகிப்போன பழைய மெத்தையில் போட்டார்கள். அதன்மேல் ஒரு ரெக்சின் துணி.

நான் வாழ்க்கைப்பட்ட சோமனூரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப் போய் அக்காவுக்கு உடம்பு துடைத்துவிடுவேன். கொஞ்ச நாளில் முதுகில் புண் வந்தது. தம்பி சம்சாரத்திடம் போய்க் கேட்டேன்.

"அக்காளுக்கு முதுகெல்லாம் புண்ணாயிருச்சுங்க. மாடில இருக்கற மெத்தைய எறக்கிப் போட்டா..."

"எறக்கலாமுங்க. எல்லாம் படுக்கையிலயே போற ஆளுக்கு அதப் போட்டா அப்பறம் அது எதுக்காவும்? அத்தன அக்கற இருந்தா உங்க ஊட்டு மெத்தையக் கொண்டாந்து போடறது!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகன் தலையைத் தூக்கவில்லை. "பெரிம்மாவுக்கு இன்னும் ரெண்டு மாசத்துக்கு எதுக்குங்க புது மெத்தை?" என்றான்.

அடுத்த வாரம் எங்கள் விசைத்தறிக்குப் பாவு நூல் கொண்டுவருகிற டெம்போவில் என் வீட்டு மெத்தையை ஏற்றிக்கொண்டு போனேன். மாமாவின் தம்பி கேட்டைத் திறக்கவில்லை.

"எங்க அண்ணிக்கு நாங்க செய்ய மாட்டமா? மெத்தையத் தூக்கீட்டு வந்து ஊருக்குள்ள எங்க மானத்த வாங்கறீங்களா? திருப்புங்க வண்டிய."

பக்கத்து வீட்டார் வெளியே வந்து பார்த்தார்கள். மெத்தை சோமனூருக்குத் திரும்பிப் போயிற்று. நான் மட்டும் உள்ளே போனேன். அக்காவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. "எங்கூட வந்துருங்க்கா" என்று அழுதேன். "உங்க மாமா வாழ்ந்த ஊடு கண்ணு. இவியளுக்குப் பயந்து நான் எதுக்கு வெளிய வாரது?" என்றார். பம்பாய்க்கு எஸ்.டி.டி. போட்டு மகளிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் அப்போது பிரசவமாகிப் படுத்திருந்தாள். "சொல்லிப்போடாத. பச்ச ஒடம்புக்காரி, பாலு வத்திப் போயிரும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மகள் போன் செய்யும்போதெல்லாம் அந்த வீட்டார், "உங்கம்மா புது மெத்தைலதான் சொகமாப் படுத்திருக்காங்க" என்றார்கள்.

தை பிறந்த பிறகு ஒரு காலையில் அக்கா போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் மாமாவின் தம்பி வாசலில் நின்று, "டவுன்ல இருந்து பெரிய மெத்தையே வந்து, அதுலதானுங்க படுக்க வெச்சிருந்தோம். ஒரு கொறையும் வெக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இறந்தவர் படுத்த படுக்கை பாடைக்குப் பின்னால் மயானத்துக்குப் போய்விட வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது என்பது நம் வழக்கம். காங்கேயத்திலிருந்து வந்திருந்த எங்கள் பெரியப்பா, "படுக்கைய எடுத்து வெளிய வையுங்க" என்றார். அந்தப் பழைய மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள்.

அத்தனை கூட்டத்தில் நான் வாய் திறந்ததே இல்லை.

"அது இல்லீங்க பெரியப்பா" என்றேன். "அக்கா படுத்திருந்த மெத்த மாடில இருக்குதுங்க. சின்ன மாமா இப்பத்தான் எல்லாருகிட்டயும் சொல்லீட்டு இருந்தாரு."

தம்பி சம்சாரம் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்தார். "ஐயோ, அது அவிய படுத்ததில்லீங்க!"

"அப்பறம் எதுலதான் படுத்திருந்துச்சு எம்புள்ள?" என்றார் பெரியப்பா.

மாமாவின் தம்பி சுற்றிலும் பார்த்தார். ஆமாம், கல்லு கல்லாக இருக்கிற இதில்தான் போட்டிருந்தோம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "மாடில இருக்கறத எறக்குங்கடா" என்றார்.

மெத்தை இறங்கியது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. கடைச்சீட்டுக்கூட ஒட்டியபடி இருந்தது. வாசலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

எங்கள் அத்தை மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "ஏனுங்க, உங்க ஊட்ல எல்லாம் காயிதம் பிரிக்காமத்தான் படுப்பீங்களா?" என்று உரக்கக் கேட்டார்.

நான் அந்த உறையைக் கையாலேயே கிழித்தேன். சென்னிமலைப் போர்வை ஒன்றை அதன்மேல் விரித்து, பாடை கட்டி முடிகிற வரைக்கும் அக்காவை அதில் படுக்க வைக்கச் சொன்னேன். படுக்க வைத்தார்கள். மெத்தை அமுங்கவே இல்லை. அவ்வளவு இளைத்துப் போயிருந்தார். பிறகு அந்த மெத்தை மயானத்துக்குப் போனது. ஒரு முனையை அந்த மகன்தான் தூக்கிக்கொண்டு போனான்.

வருஷம் ஒன்று ஆகிவிட்டது, மனசை ஆற்றிக்கொள் என்கிறார்கள். ஆற்றிக்கொள்ள எனக்கு விருப்பம் இல்லை. அந்த வீட்டில் மூன்று பேரும் எவ்வளவு நல்ல மெத்தை வேண்டுமானாலும் வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும். அதில் அவர்களுக்குத் தூக்கம் வரக் கூடாது. அக்காவால் ஒரு பக்கம் புரள முடியவில்லை. அவர்கள் விடிகிற வரைக்கும் புரளட்டும்.

அக்காவுக்குக் கூலி வாங்காமல் புண்ணுக்குக் கட்டுப்போட்டுவிட்ட பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மாவுக்கும், சேதி கேட்டதும் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்து மயானம்வரை நடந்த காதர் பாய்க்கும், கூட்டத்தில் கேள்வி கேட்ட பெரியப்பாவுக்கும் அத்தைக்கும், பம்பாயிலிருந்து வந்து இந்த மலரைக் கொண்டுவரும் மகளுக்கும் மருமகனுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். சிங்காநல்லூர் வீட்டுக்கும் ஒரு வரி நன்றி எழுதிவிடலாம், பெருந்தன்மையாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். எழுத மாட்டேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற ஒரு புருஷனும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சிங்காநல்லூர் வீட்டு மகனுக்குத் தங்கள் பெண்ணைப் பேசுகிறார்கள். விசாரித்துப் போக வந்திருந்தார்கள்.

"பொருத்தமெல்லாம் கூடி வந்திருச்சுங்க" என்றார் அந்த அம்மா. "அமைஞ்சுதுன்னா சீருக்கு மெத்த வாங்க உங்களத்தான் கூட்டீட்டுப் போகோணும். உங்க அக்காகிட்டப் பழகுன கையாமா நீங்க."

என் வீட்டுக்காரர் தறிக்குடோன் வாசலில் நின்று, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் ஒரு நல்ல மெத்தை என்ன பாடுபட்டது என்று ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அந்த அம்மா காபி டம்ளரைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் பையன் என்னங்க சொன்னாரு?" என்று கேட்டார்.

சோறு தின்றுகொண்டே அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மறுநாள் அவர்கள் பையனின் ஜாதகத்தைச் சிங்காநல்லூர் வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.