கற்பூரம் அடித்துவிட்டுப் போட்ட ஓட்டு

கோயிலில் கற்பூரத் தட்டு வந்தால் எல்லோரும் சுடரில் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நான் மட்டும் தள்ளி நின்று கும்பிடுவேன். "ஏனுங்கத்தை, தொட்டுக் கும்புட மாட்டீங்களா?" என்று மருமகள் ஒரு நாள் கேட்டேவிட்டாள். புகை ஆகாது கண்ணு என்று சொல்லி வைத்தேன். பச்சைப் பொய். வெங்காயம் தாளிக்கிற புகையில் முப்பது வருஷம் நின்றவளுக்கு இந்தப் புகையா ஆகாமல் போகும்?

தொண்ணூறுகளின் நடுவில் பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். நூலைக் கோனில் சுற்றும் பிரிவு. பக்கத்து மெஷினில் நின்றவள்தான் என் தோழி. காலனியிலிருந்து வருவாள், தோட்டக் கூலிக்குப் போன குடும்பத்தில் மில் வேலைக்கு வந்த முதல் ஆள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். அவள் என்னிடம் நாலு தெலுங்கு வார்த்தை கற்றுக்கொண்டு அதை வைத்தே என்னைத் திட்டுவாள். ஒரே தூக்குப்போசியில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அப்போதுதான் மில்லில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அதே மாதத்தில் சங்கத் தலைவர் தேர்தலும் வந்து சேர்ந்தது.

நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் சங்கத்தின் செயலாளர். கேட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு ஏறி நின்றால் சைக்கிளில் போகிறவனும் காலை ஊன்றிவிடுவான். "ஆளக் கொறைக்கறதுன்னா காலனிக்காரங்களக் கொறைங்கன்னு நேராவே சொல்லிப்போடுவனுங்க. நம்மாளு வேலைய நாமதானுங்க காப்பாத்தோணும்!" கை தட்டல் அடங்க நேரமாகும். அந்த "நம்மாளு"வில் நானும் சேர்த்தி. மறைப்பானேன், கேட்க எனக்கும் தெம்பாகத்தான் இருந்தது. இன்னொருவர் எங்கள் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர். அவருக்கு ஸ்டூலும் இல்லை, குரலும் இல்லை. "ஒருத்தரையும் அனுப்ப வேண்டாமுங்க. வாரத்துல ஆளுக்கொரு நாள் வேலைய உட்டுக்குடுத்தா எல்லாரும் நிக்கலாமுங்க" என்று மெஷின் மெஷினாகச் சொல்லிக்கொண்டு போனார்.

எனக்கு அந்த மனுஷரைத்தான் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் நல்லவனாக ஒருத்தன் இருக்க முடியுமா? என் தோழியையும் கண்ணு என்கிறார், செயலாளரையும் தம்பி என்கிறார், மேனேஜர் ரூமுக்குள் போய் டீயும் குடித்துவிட்டு வருகிறார். உள்ளே என்ன பேசினார்? ஒரு நாள் கூலியை நாமே விட்டுக்கொடுத்தால் லாபம் யாருக்கு? முதலாளி கையாள்தான், சந்தேகமே இல்லை என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். தோழி வாயில் வைத்த சோற்றை முழுங்கிவிட்டு, "இருக்கட்டும் புள்ள. கையாளா இருந்தாலும் என்னையப் போகச் சொல்லலியே" என்றாள்.

தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஷிப்ட் விடும் நேரத்தில், மில் கேட்டை ஒட்டியிருந்த பிள்ளையார் முன்னால் செயலாளரின் ஆட்கள் தட்டில் கற்பூரம் ஏற்றி வைத்துக்கொண்டு நின்றார்கள். வெளியே போகிற ஒவ்வொருவரும் உள்ளங்கையால் அதை அடித்து அணைத்து, ஓட்டு அவருக்குத்தான் என்று சத்தியம் செய்ய வேண்டும். எங்கள் பக்கம் கற்பூரம் அடித்தால் அப்புறம் பேச்சே கிடையாது. அண்ணன் தம்பி வாய்க்கால் தகராறுகூட அதோடு முடிந்துவிடும். "நான் தொடக்கூடாது. நீ அடிச்சுப்போட்டு வா புள்ள, நான் நிக்கறேன்" என்று தோழி ஒதுங்கினாள். நான் போய் அடித்தேன். பயந்துதான் அடித்தேன். சூடு சுரீரென்றது. திரும்பிப் பார்த்தால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிட்டரிடம் அவர் ஆட்களும் ஒரு தட்டைக் கொண்டுபோனார்கள். நாமும் சத்தியம் வாங்கினால்தான் ஜெயிக்கலாம் என்றார்கள். அவர் ஊதி அணைத்துவிட்டார். "தொட முடியாதவங்களும் நம்ம மில்லுலதானுங்க இருக்கறாங்க. அவிய மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?" என்றாராம். மடியில் கனம் இருக்கிறது, அதனால்தான் சத்தியத்துக்குப் பயப்படுகிறார் என்று அப்போதும் நான்தான் சொன்னேன்.

தேர்தலன்று காலை, செயலாளரின் ஆள் ஒருவன் ஒரு நோட்டைப் பார்த்துப் பெயர் வாசித்துக்கொண்டிருந்தான். கற்பூரம் தொடாதவர்களின் பட்டியல். முதல் பெயர் என் தோழி. காலனிக்காரர்கள் மட்டுமல்ல, கேன்டீன் முஸ்லிம் பாய் பெயரும், சாமியே இல்லை என்று சாதிக்கும் கறுப்புச் சட்டைக்காரர் பெயரும் இருந்தது. அவர் செயலாளருக்குப் பங்காளி முறை! "ஜெயிச்ச மறுநாளு இத்தனை பேரும் வெளிய" என்று சிரித்தான். சொந்தப் பங்காளியே வெளியே என்றால் அடுத்த நோட்டில் தெலுங்குக்காரி இருக்க மாட்டாளா? கேன்டீனில் கட்டியிருந்த போர்வை மறைப்புக்குள் போய், பிட்டர் பெயருக்கு நேரே குத்தினேன். அவரை நம்பிக் குத்தவில்லை. பிள்ளையாரே மன்னிச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டே குத்தினேன்.

சொற்ப ஓட்டில் பிட்டர் ஜெயித்தார். ஆளுக்கொரு நாள் வேலை போனது. ஒருவரும் வெளியே போகவில்லை. எங்கே வழுக்குவார் என்று அவர் ஓய்வு பெறும்வரை கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தேன். ஒன்றும் சிக்கவில்லை, மனுஷர் வேலைக்கு வந்த சைக்கிளிலேயே வீட்டுக்குப் போனார். வேடிக்கை என்னவென்றால், ஜெயித்த மறுநாளே மில் முழுக்க "நானும் பிட்டருக்குத்தானுங்க போட்டேன்" என்றது. கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் அதையே சொன்னான். நானும் தோழியிடம் சொன்னேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றாள். அன்றிலிருந்து தனியாகத் தூக்குப்போசி கொண்டுவந்தாள்.

போன மாதம் சரவணம்பட்டி பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். தலை முழுக்க நரை, பேரனைக் கூட்டிக்கொண்டு நின்றாள். பேரன் பேத்திப் பேச்செல்லாம் முடிந்தபின் சிரித்துக்கொண்டே கேட்டாள். "இப்பவாச்சும் சொல்லு புள்ள. அன்னிக்கு யாருக்குப் போட்டே?"

"பிட்டருக்குத்தான்."

"சத்தியமா?"

அடித்த சத்தியத்தை மீறியவள் எந்தச் சத்தியத்தை எடுத்து அவள் முன்னால் வைப்பது? பஸ் வந்தது. அவள் கற்பூரம் அடித்த என் கையை ஒரு முறை பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமையும் கோயிலில் கற்பூரத் தட்டு வந்தது. தள்ளி நின்று கும்பிட்டேன்.