பூஜை நாளில் பூட்டிக்கொண்ட கார்

எங்கள் காருக்கு ஒரு குணம் உண்டு. தேவையில்லாத நேரத்தில் கத்தும், தேவையான நேரத்தில் செத்துக் கிடக்கும். பெங்களூரில் யாரோ ஓட்டிச் சலித்த பழைய வண்டியை என் கணவர் வாங்கிவந்தபோது, அந்த ஆள் ஏதோ ஒரு கடையில் மாட்டியிருந்த அலாரமும் கூடவே வந்து சேர்ந்தது. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் பூனை நடந்தாலும் அலறும். இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். கழற்றி எறியுங்கள் என்று நான் சொல்லாத வாரம் இல்லை. கழற்றினால் வண்டி திருட்டுப் போய்விடும் என்பார். இதைத் திருட வருகிறவனுக்குக் காபி போட்டுக் கொடுப்பேன் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை அவர் வண்டியைக் கழுவி, நான்கு கதவையும் திறந்துவைத்து, பாட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே துடைத்தார். பாட்டு இருட்டும்வரை ஓடியது. காலையில் ரிமோட்டை அமுக்கினால் மூச்சுப் பேச்சு இல்லை. சாவியை நுழைத்துத்தான் டிரைவர் பக்கக் கதவைத் திறக்க முடிந்தது. கம்பெனி பூஜைக்கு நேரமாகிவிட்டதால் அவர் கம்பெனி பஸ்ஸிலேயே கிளம்பினார். போகும்போது வண்டியின் இரண்டாவது சாவியை மறக்காமல் எடுத்துக்கொண்டார். அங்கே எல்லோருடைய வண்டிச் சாவிகளையும் ஒரு தட்டில் வைத்து, மெஷின்களோடு சேர்த்துப் பூஜை போடுவார்கள். வண்டி வராவிட்டாலும் சாவிக்காவது பொட்டு விழட்டும் என்பது அவர் எண்ணம். வண்டியைக் கிளப்பி, மகளையும் கூட்டிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு அங்கே வந்துவிடும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டு பாய் பழைய பேட்டரி வியாபாரம் செய்கிறவர். கேட்டதும் நல்ல பேட்டரி ஒன்றையும் இரண்டு கனத்த ஒயரையும் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. புதுப் பாவாடை அழுக்காகிவிடும் என்று அவளை முதலிலேயே பின் சீட்டில் உட்காரவைத்துவிட்டேன். சாவியை அதனிடத்தில் போட்டு, பானட் லீவரை இழுத்துவிட்டு இறங்கினேன். கதவு திறந்திருந்தால் சந்தில் ஆள் போக முடியாது, அதனால் சாத்தினேன்.

பாய் ஒயரை வைத்தார். விளக்குகள் எல்லாம் ஒருமுறை மின்னின. நான்கு கதவிலும் ஒரே நேரத்தில் டக் என்று சத்தம். அடுத்த நொடி அலாரம் அலற ஆரம்பித்தது. கரண்டு போய்த் திரும்ப வந்தால் திருடன்தான் ஒயரை அறுத்துவிட்டான் என்று எடுத்துக்கொள்ளுமாம் அது. முதலில் பூட்டும், பிறகு கத்தும். இதெல்லாம் மெக்கானிக் பின்னால் சொன்னது. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது, சாவி உள்ளே, பிள்ளையும் உள்ளே என்பதுதான்.

மகளிடம், முன் சீட்டுக்கு வந்து கதவோரத்துக் குமிழை மேலே இழுக்கச் சொல்லி, கண்ணாடியில் கை வைத்துக் காட்டினேன். சமர்த்தாக வந்து இழுத்தாள். நான் கைப்பிடியைத் தொடுவதற்குள் குமிழ் டக்கென்று அவள் விரலுக்கடியிலேயே இறங்கிக்கொண்டது. கையை உதறிக்கொண்டு வீறிட்டாள். கரண்டு இருக்கும்வரை அது பூட்டிக்கொண்டே இருக்கும் என்பது பாய்க்கு அப்போதுதான் பிடிபட்டது. ஒயரைப் பிடுங்கினார். அலாரம் நின்றது.

"இப்ப கரண்டு இல்லம்மா. புள்ள இழுத்தா தொறந்துக்கும்," என்றார்.

ஆனால் பிள்ளை இழுக்கத் தயாராக இல்லை. பின் சீட்டுக்கு ஓடி, கீழே இடுக்கில் உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கெஞ்சினேன், அதட்டினேன், மிட்டாய் தருகிறேன் என்றேன். தலையை நிமிர்த்தவே இல்லை. ஓசூர் குளிர்ந்த ஊர் என்று பெயர்தான். உச்சி வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் எந்த ஊரும் ஒன்றுதான். அவள் நெற்றி முடி ஈரமாகி ஒட்டிக்கொண்டிருந்தது வெளியிலிருந்தே தெரிந்தது. கணவருக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்தேன். மேளச் சத்தத்தில் யார் எடுப்பார்கள்?

சந்தே கூடிவிட்டது. கண்ணாடியை உடைக்கச் சொல்லித் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஆளாளுக்குச் சொன்னார்கள். பாய் ஒரு கல்லால் அடித்தார், கல்தான் தெறித்தது. சுத்தியல் எங்கே என்று கேட்டபோதுதான் உறைத்தது. அன்றைக்கு அந்தச் சந்தில் ஒரு சுத்தியலும் வெளியே இல்லை. ஸ்பேனரிலிருந்து அரிவாள்மனைவரை எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து சாமி முன்னால் இருந்தன. எதிர்வீட்டுக்காரர் லேத் பட்டறைக்காரர், அவர் வீட்டில் கட்டாயம் இருக்கும். அவர் மனைவி வாசலை மறித்தாற்போல் நின்றாள்.

"பூஜைல வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்னு அவரு சொல்லிட்டுப் போயிருக்காருக்கா," என்றாள். கண் மட்டும் காரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் பிள்ளை பெற்றவள்தான்.

எனக்கு வந்த கோபத்தில் அவளைத் தள்ளிவிட்டே போயிருப்பேன். அதற்குள் காரருகே நின்ற பாய் சத்தம் போட்டார். "புள்ள அழுவறத நிறுத்திருச்சும்மா."

அழுகை நின்றதுதான் எங்கள் இருவரையும் உலுக்கியது. எதிர்வீட்டுக்காரி திரும்பி உள்ளே ஓடினாள். பூ மாலை தொங்கத் தொங்க, சந்தனம் காயாத சுத்தியலோடு வந்தாள். என்னிடம் தரவில்லை. அவளே முன் கதவுக் கண்ணாடியின் மூலையில் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடியில் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. பாய் கையை விட்டுக் குமிழை இழுத்தார்.

மகளை வெளியே தூக்கியபோது உடம்பு கொதித்தது, தலை தோளில் சரிந்தது. தண்ணீரை முகத்தில் அடித்து, ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தோம். கண்ணைத் திறந்து, பாவாடை நனைந்துவிட்டதே என்று சிணுங்கினாள். எதிர்வீட்டுக்காரி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அப்போதுதான் போன் அடித்தது. அவர்தான். பின்னால் மேளம்.

"பூஜ ஜோரா முடிஞ்சுதும்மா. நம்ம சாவியத்தான் தட்டுல மொதல்ல வெச்சாங்க. இனி வண்டிக்கு ஒண்ணும் வராது பாரு," என்றார்.

திட்டு வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, போனை மகளின் வாயருகே வைத்தேன்.

"அப்பா," என்றாள் விக்கிக்கொண்டே, "காரு என்னய விடவே மாட்டேன்னுச்சுப்பா."

மேளத்தை விட்டு அவர் வெளியே ஓடிவருவது காதில் விழுந்தது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.