பிராக்டிகலில் முழு மார்க்

காரைக்குடியில் நான் கணக்கு டீச்சராக இருந்த பெண்கள் பள்ளிக்குத் தொண்ணூறுகளின் நடுவில் நான்கு கம்ப்யூட்டர்கள் வந்தன. மலேசியாவில் தொழில் செய்த குடும்பத்து ஆச்சி ஒருவர், காலமான தன் கணவர் நினைவாகக் கொடுத்தவை. சுவரில் பளிங்குப் பலகை பதித்து, ஏ.சி. மாட்டி, செருப்பு விட வாசலில் ஒரு மரத்தட்டும் வைத்தாகிவிட்டது. சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். கணக்கு தெரிந்தவளுக்குக் கம்ப்யூட்டரும் வந்துவிடும் என்று அவர் முடிவு கட்டி, என்னை மதுரைக்கு மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே நான் கற்றது அரை நோட்டுக்குக் காணாது. ஆனாலும் திரும்பி வந்தபோது என் நடையே மாறியிருந்தது.

பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப் ஆரம்பித்தோம். ஆள் பிடிக்கிற வேலையும் என் தலையில்தான். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவரின் மகள் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். மகளை நர்ஸாக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அதற்கான குரூப்பில் சேர்க்கத்தான் வந்தார். நான் விடவில்லை.

“நர்சுன்னா ராத்திரி பகல்னு அலையணும். இது ஏசி ரூம்ல உக்காந்து பாக்குற வேல. இனிமே இதப் படிச்சவங்களுக்குத்தான் காலம்.”

“எங்களுக்கு என்னா தெரியும் டீச்சர். நீங்க சொல்றீக, சேத்துவிடுறோம். அவ சொந்தக் கால்ல நிக்கணும், அம்புட்டுத்தான்” என்றார் அந்த அம்மா.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாணத்துக்குச் சாமான் பரப்புவார்கள். பெண்ணுக்குக் கொடுக்கிற வெள்ளி, பித்தளை, எனாமல், பாய், தடுக்கு எல்லாவற்றையும் ஊர் பார்க்க அடுக்கிவைத்துவிட்டு, அப்புறம் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அந்தப் பெண் பேரன் பேத்தி எடுத்த பிறகும் பல சாமான்கள் சுற்றிய தாள் பிரியாமல் இருக்கும். அதுதான் பெருமை. பெரிய டீச்சர் கம்ப்யூட்டர்களையும் அப்படித்தான் வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட துணியில் உறை, கீபோர்டுக்குத் தனி உறை, சாவி அவர் இடுப்பில்.

“பிள்ளைக தொட வேணாமா டீச்சர்?” என்று கேட்டேன்.

“தொடட்டும், தொடட்டும். ஆச்சி ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போகட்டும்.”

எட்டு மாதம் கழித்து ஆச்சி வந்தார். உறையை நீக்கிக் காட்டியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “குடுத்தது குடுத்தபடியே வச்சிருக்கீகளே! ஒரு கீறல் இல்லையே!” என்று பெரிய டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த முறை பிரிண்டர் வாங்கித் தருவதாகவும் சொன்னார். அதற்கப்புறம் பெரிய டீச்சரிடம் யார் வாய் திறப்பது?

பழியை முழுக்க அவர் மேல் போட்டுவிட்டு நான் நழுவ முடியாது. வாரத்துக்கு ஒரு பீரியட் அறை திறக்கும். பிள்ளைகள் உள்ளே வருமுன் ஒரு மிஷினை நானே போட்டு வைப்பேன். நானே தட்டுவேன், அவர்கள் போன பிறகு நானே அணைப்பேன். இருபத்திரண்டு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஒருநாள் அந்த ஆத்தங்குடிப் பெண் ஆசைப்பட்டு ஏதோ ஒரு பொத்தானைத் தொட்டாள். திரை அசையாமல் நின்றுவிட்டது. எனக்கு அதைச் சரிசெய்யத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. எல்லார் முன்னாலும் அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன்.

அன்றோடு யாரும் கையை நீட்டவில்லை. நானும் அட்டையில் கீபோர்டு வரைந்து விரல் வைக்கப் பழக்கினேன். புரோகிராம்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னேன். அந்த ஆத்தங்குடிப் பெண் புத்தகம் முழுவதையும் ஒரு வரி பிசகாமல் ஒப்பிப்பாள். எனக்கு அதில் பெருமை வேறு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிளஸ் டூ பிராக்டிகல் பரீட்சைக்கு வெளியூர்ப் பள்ளியிலிருந்து எக்ஸாமினர் சார் ஒருவர் வந்தார். முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்.

“ஆன் பண்ணும்மா.”

அவள் உறையைக் கழற்றினாள். நான்காக மடித்து மேசையோரம் வைத்தாள். அப்புறம் அப்படியே நின்றாள். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. சார் என்னைப் பார்த்தார். நான் ஏ.சி.யைப் பார்த்தேன்.

“எங்க பள்ளிக்கூடத்துலயும் இதே கததான் டீச்சர்” என்று என் காதோடு சொன்னார் அந்த மனிதர். ரெக்கார்டு நோட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தே எல்லாருக்கும் முழு மார்க் போட்டார். திரும்பும் வழியில் பிள்ளையார்பட்டி தரிசனத்துக்குப் பெரிய டீச்சர் அவருக்குக் கார் ஏற்பாடு செய்தார்.

ரிசல்ட் வந்த கையோடு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மார்க் ஷீட்டைப் பார்த்தே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அவள் பள்ளிக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

“லெட்டர் அடிக்கச் சொன்னாக டீச்சர். அடிச்சத அழியாம எப்படி எடுத்து வைக்கிறதுன்னு தெரியல. இந்த மார்க்க எப்படி வாங்குனன்னு கேட்டாக. வர வேணாம்னுட்டாக.”

அவள் கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கோபப்படவில்லை.

“இப்பச் சொல்லிக் குடுங்க டீச்சர். சாயங்காலம் சாயங்காலம் வாறேன். கத்துக்கிட்டுப் போய்க் கேட்டா திரும்பச் சேத்துக்கிருவாக.”

“பெரிய டீச்சர்கிட்ட சாவி கேக்கணுமே” என்று இழுத்தேன்.

“சாவி கெடச்சா ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்?”

அதில் நக்கல் துளியும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “தெரியாது” என்றேன். இரண்டு வருஷத்தில் அவளிடம் நான் பேசிய முதல் உண்மை. இனிமேல் நர்சுக்குப் படிக்க முடியுமா என்று கேட்டாள். நீ படித்த குரூப்புக்கு அது கிடைக்காது என்றேன். “சரி டீச்சர், வாறேன்” என்று போய்விட்டாள்.

அந்த வாரம்தான் பிளஸ் ஒன் அட்மிஷன். பிராக்டிகலில் எல்லாரும் முழு மார்க் என்று பெரிய டீச்சர் போர்டில் எழுதிப் போட்டிருந்தார். கம்ப்யூட்டர் குரூப்புக்கு வரிசை கேட் வரை நின்றது. விண்ணப்பம் வாங்க என்னைத்தான் உட்காரவைத்தார்கள்.

முதலில் நின்ற அம்மா, “இதுல சேத்தா எம்புள்ள பொழச்சுக்கும்ல டீச்சர்?” என்று கேட்டார்.

“நல்லாப் பொழச்சுக்கும்” என்று சொல்லி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டேன்.