ஃபிண்ட்லே வீட்டில் யாருக்கும் வைக்காத பெயர்

கடைசித் தீர்ப்பு நாளன்று கடவுள் செத்தவர்களை வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஃபிண்ட்லேக்களின் முறை வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஜெஸ்ஸி, இதுல யாரு யாருன்னு நீயே சொல்லிடும்மா" என்று ஏட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஸ்கார்ஹேவன் என்கிற மீனவ ஊரில் இதைச் சந்தேகப்படுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் பாதிரியார். இன்னொருத்தி ஜெஸ்ஸியைப் பெற்றவள்.

ஜெஸ்ஸி ஃபிண்ட்லேக்கு அறுபத்தொன்பது வயது. முப்பது வருஷம் புகைபோடும் கொட்டகையில் ஹாடக் மீனைக் கிழித்தவள். விரல்கள் இன்னும் கத்தி பிடித்த மாதிரியே வளைந்திருக்கின்றன. அந்த விரல்களால் கணினியைக் குத்துவாள், மீனுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. செவ்வாய்க்கிழமைதோறும் ஊர்க் கூடத்தில் அவள் உட்கார்ந்திருக்க, கனடாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் பாட்டன் பூட்டனைத் தேடி வந்தவர்கள் நனைந்த மழைச்சட்டையோடு எதிரே காத்திருப்பார்கள்.

எல்லோரும் ஒரே சுவரில்தான் முட்டிக்கொள்வார்கள். பழைய பதிவுகளில் குடும்பப் பெயர் ஒரு நிலையில் நிற்காது. அப்பன் ஃபிண்ட்லே, மகன் ஃபின்லே, பேரன் ஃபின்லா, கல்லறையில் போய்ப் பார்த்தால் ஃபிண்ட்லோ. மீன் பிடிக்கிறவனுக்கு எழுதத் தெரியாது, எழுதுகிற பாதிரியாருக்குக் காது கேட்காது. வந்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது ஜெஸ்ஸி ஒரு சாவி கொடுப்பாள்: குடும்பப் பெயரை விடு, பிள்ளைக்கு வைத்த பெயரைப் பிடி. முதல் மகளுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர். இரண்டாமவளுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர். மூன்றாவதுக்குத்தான் அம்மாவின் சொந்தப் பெயர். ஒரு பிள்ளை செத்துப்போனால் அடுத்ததுக்கு அதே பெயரைத் தூக்கி வைத்துவிடுவார்கள். இந்தக் கரையில் எதையும் வீணாக்க மாட்டார்கள், பெயரையும்தான்.

அந்தச் சாவியை வைத்தே அவள் தன் வம்ச மரத்தைப் பன்னிரண்டு வருஷம் வளர்த்தாள். கூடத்துச் சுவரில் ஒரு படகுப் பாய் அகலத்துக்கு அது தொங்குகிறது.

போன வசந்தத்தில் ஹாலிஃபாக்ஸிலிருந்து லாயிட் ஃபின்லே என்று ஒருவர் வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஜெஸ்ஸி அவர் பூட்டனைக் கண்டுபிடித்துக் கொடுத்த சந்தோஷத்தில், கற்றுக்கொண்ட வித்தையை ஜெஸ்ஸியின் மரத்திலேயே ஏறிப் பரீட்சை செய்து பார்த்தார். உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளையாக விரல் இறங்கியது. கீழே வந்து நின்றுவிட்டது.

"அக்கா, உங்க அம்மாவைப் பெத்தவங்க பேரு பார்பராதானே?"

"ஆமா."

"அப்போ மூத்த பொண்ணு நீங்க பார்பராவா இல்ல இருக்கணும்? உங்களுக்கு அப்பாவைப் பெத்தவங்க பேரு. தங்கச்சிக்கு உங்க அம்மா பேரு. கணக்குப்படி பார்த்தா மொத பொண்ணையே காணோமே."

தமாஷாகத்தான் சொன்னார். அம்மாவுக்கும் அவளைப் பெற்றவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, கோபத்தில் அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள் என்று ஜெஸ்ஸி சொன்னாள். சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லப்பட்டது அதுதான். லாயிட் தலையாட்டிவிட்டு, வெண்ணெய் ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பேருந்தைப் பிடிக்கப் போனார்.

ஜெஸ்ஸி வீட்டுக்குப் போகவில்லை. கோபத்தில் பெயரை விட்டவர்கள் என்று எத்தனை பேரைப் பதிவுகளில் பார்த்திருக்கிறாள்? ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. மாமியாரைக் கல்லால் அடித்துக் கோர்ட்டுக்குப் போனவன்கூட அவள் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்திருக்கிறான். அப்படியானால் தனக்கு முன்னால் ஒருத்தி பிறந்திருக்கிறாள். அவள் செத்திருந்தால் அந்தப் பெயர் தனக்கு வந்திருக்கும். வரவில்லை. அப்போது அவள் சாகவில்லை.

கல்யாணத்துக்கு முந்திப் பிறந்தவளானால் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரில்தான் பதிந்திருப்பார்கள். அந்தப் பெயர் ஸ்லேட்டர். அதை எப்படியெல்லாம் கெடுத்து எழுதுவார்கள் என்று ஜெஸ்ஸிக்குச் சொல்லித்தரவா வேண்டும்? கணினி கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தது, பிறகு காட்டிக்கொடுத்தது. பார்பரா ஸ்க்லாட்டர், பெற்றவள் எல்ஸ்பெத், தகப்பன் பெயருக்கு இடம் காலி. ஹண்ட்லி பக்கம், ஜெஸ்ஸிக்கு மூன்று வருஷம் முன்னால் பிறப்பு. அங்கேயே கல்யாணம். அங்கேயே சாவும், இரண்டு வருஷத்துக்கு முன்னால். ஜெஸ்ஸி வருஷாவருஷம் கோழிக்குஞ்சு வாங்கப் போகிற ஊர் அது. ஆயிரத்து எழுநூறுகளில் செத்த ஃபிண்ட்லேக்களை அவள் தோண்டி எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், கூடப்பிறந்தவள் பேருந்து தூரத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

பார்ப்பதற்கு இனி ஆளில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: அம்மா வாயால் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு சொட்டாவது வருத்தப்பட வேண்டும்.

அம்மா எல்ஸ்பெத்துக்குத் தொண்ணூற்றிரண்டு. முதியோர் இல்லத்தில், கடல் பார்த்த அறை. காது கூர்மை, நாக்கு அதைவிட. ஜெஸ்ஸி சுற்றி வளைக்காமல், கோபம் என்று சொன்னதெல்லாம் பொய்தானே என்று கேட்டாள்.

எல்ஸ்பெத் வாயிலிருந்த ரொட்டியை மென்று விழுங்கினாள். "கண்டுபிடிச்சிட்டியாக்கும். ஊர்ல செத்தவனை எல்லாம் எழுப்பி உட்காரவச்சு விசாரிச்சியே, உயிரோட இருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். யார்மத் துறைமுகத்துக்கு ஹெர்ரிங் மீன் குடலெடுக்கப் போன இடத்தில் வயிறு தள்ளியது. காரணம் வேறு யாருமில்லை, பின்னால் அவளைக் கட்டிக்கொண்ட வில்லியம்தான், ஜெஸ்ஸியின் அப்பா. ஆனால் வில்லியத்தைப் பெற்றவள், ஜெப வீட்டில் முதல் பெஞ்சில் உட்காருகிறவள், கல்யாணத்துக்கு முந்திப் பிறந்தது தன் வாசலை மிதிக்காது என்றுவிட்டாள். உன் பிள்ளையா, என் மகனா, ஒன்றை எடுத்துக்கொள் என்றாள். எல்ஸ்பெத் ஹண்ட்லி பக்கம் போய்ப் பெற்று, பிள்ளையை அங்கேயே ஒரு பண்ணை வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். அடுத்த வருஷம் கல்யாணம் நடந்தது. அந்த மாமியாரின் பெயர் ஜெஸ்ஸி.

"அந்தப் பொம்பளை பேரையா எனக்கு வச்சே?" என்றாள் மகள்.

"வேற என்ன வைக்கிறது? எங்கம்மா பேரை வச்சிக்கிட்டு மூத்தவ உயிரோட இருந்தாளே. ரெண்டாவது நீ. ரெண்டாவதுக்கு அப்பனைப் பெத்தவ பேரு. முறைன்னா முறைதான்டி. நீதானே அதை ஊருக்கெல்லாம் பாடம் நடத்துற?"

 ஜெஸ்ஸி, பார்பரா இரண்டு வருஷம் முன்னால் செத்துப்போய்விட்டாள் என்று மட்டும் சொன்னாள். எல்ஸ்பெத்துக்கு அது தெரியாது. ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.  பிறகு மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தடவையாவது உன்னையும் கூட்டிக்கிட்டு அவளைப் போய்ப் பார்த்திருக்கணும்டி. என்னை மன்னிச்சிடு" என்றாள். கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது.

இவ்வளவையும் எழுதிய எதிர்வீட்டுப் பையன், கூடத்துச் சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் ஜெஸ்ஸியிடம் படித்துக் காட்டினான். அவள் டர்னிப் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே கேட்டாள். அம்மா மன்னிப்புக் கேட்டு அழுகிற இடம் வந்ததும் கத்தி நின்றது.

"இதை யாருடா சொன்னது?"

"உங்க அம்மா."

"எங்க அம்மா அழுது நான் பார்த்ததில்ல. நீ எங்கேர்ந்து பார்த்த?"

பையன் காதைச் சொறிந்தான். சொல்லியிருக்கலாம் இல்லையா என்று முனகினான்.

"சொல்லியிருக்கலாம். சொல்லல. பாவம் பார்த்து இல்லாததைப் பதிவுல ஏத்தாதே, நாளைக்குத் தேடிக்கிட்டு வர்றவ அதையும் நம்பிடுவா." அவள் சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "அவ செத்துட்டான்னதும் அம்மா, 'அப்ப இனிமே அந்தப் பேரை யாருக்கு வேணா வைக்கலாம்'னா. சொல்லிட்டு, குளிருது ஜன்னலைச் சாத்துன்னா. அதை எழுது."